பிரெஷ்னேவ் கோட்பாடு: படையை அழைத்தது யார்?

வைகைக்கரை:

சென்ற வாரம் வேறோர் இழையில், “1968இல் பிரெஷ்னேவ் கோட்பாட்டின்படி சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தன” என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் இடித்தது.

டாங்குகள் எல்லையைக் கடந்தது ஆகஸ்ட் 20 இரவு. “சோசலிச நாடு ஒன்றின் இறையாண்மை, சோசலிச முகாமின் பொது நலனுக்கு மேலானதாக இருக்க முடியாது” என்ற வாதத்தை விரிவாக வைத்த கோவலேவின் கட்டுரை சோவியத் கட்சி நாளேடான பிராவ்தாவில் வந்தது செப்டம்பர் 26. சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் அதையே வார்சாவில், போலந்துக் கட்சியின் ஐந்தாவது மாநாட்டில் பேசியது நவம்பரில். அதாவது படை முதலில் போனது, கோட்பாடு பிறகுதான் வந்தது.

சரி, ஆகஸ்ட் 21 காலையில் உலகத்துக்கு என்ன காரணம் சொன்னார்கள்? சோவியத் அரசின் டாஸ் செய்தி நிறுவன அறிக்கை முதலில் சொன்ன காரணம்: செக்கோஸ்லோவாக்கியாவின் கட்சி, அரசுத் தலைவர்கள் உதவி கேட்டார்கள், ஆயுத உதவி உட்பட. கேட்டவர்களின் பெயர் மட்டும் அதில் இல்லை.

இந்த இழையை அதற்காகத்தான் தொடங்குகிறேன். ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, ஆப்கானிஸ்தான் என்று எங்கே பார்த்தாலும் ஓர் “அழைப்பு” இருக்கிறது. அந்த அழைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இந்தக் கொள்கை எப்படி வேலை செய்தது என்பது புரியும் என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

செங்கதிர்:

தோழர், நல்ல கேள்வி. ஆனால் மாஸ்கோவின் பயத்தையும் சேர்த்துப் பேசினால்தான் விவாதம் நியாயமாக இருக்கும்.

இரண்டாம் உலகப் போரில் சோவியத் ஒன்றியம் இழந்தது சுமார் 2 கோடியே 70 லட்சம் உயிர்கள். படையெடுத்து வந்தவன் மேற்கிலிருந்துதான் வந்தான். 1968இல் மேற்கு ஜெர்மனி போருக்குப் பிந்தைய எல்லைகளை இன்னும் முழுமையாக ஏற்கவில்லை. அந்த மேற்கு ஜெர்மனியோடு நேரடி எல்லை கொண்ட செக்கோஸ்லோவாக்கியாவில் ஒரு சோவியத் படைப்பிரிவு கூட நிரந்தரமாக இல்லை. கிழக்கு ஜெர்மனியிலும் போலந்திலும் ஹங்கேரியிலும் இருந்தன, இங்கே மட்டும் இல்லை. வரைபடத்தை விரித்துப் பாருங்கள், நடுவில் ஒரு பெரிய ஓட்டை தெரியும்.

அப்புறம், 1954இல் குவாத்தமாலாவில் அரசைக் கவிழ்த்ததும் 1965இல் டொமினிக்கன் குடியரசுக்குள் படையை இறக்கியதும் அமெரிக்கா. தன் வட்டாரம் என்று அவர்கள் ஒரு கோடு போட்டுக்கொண்டார்கள், இவர்களும் போட்டுக்கொண்டார்கள். நான் படையெடுப்பை ஆதரிக்கவில்லை. ஆனால் ஏதோ சோவியத் ஒன்றியம் மட்டும் கண்டுபிடித்த பாவம் போலப் பேசுவதை ஏற்க மாட்டேன்.

வைகைக்கரை:

செங்கதிர், படை நிலைகொள்ளும் விஷயம் மிகச் சரி. 1968 அக்டோபர் 16இல் ஓர் ஒப்பந்தம் போட்டு, சோவியத் படை “தற்காலிகமாக” அங்கே தங்கலாம் என்று எழுதி வாங்கினார்கள். அந்தத் தற்காலிகம் 1991 ஜூன் வரை நீண்டது. எனவே உங்கள் “ஓட்டை” வாதத்தில் உண்மை இருக்கிறது.

ஆனால் அது மட்டும் காரணம் என்றால் ஆகஸ்ட் மாதத்தில் ஏன் அந்த அவசரம்? அப்போது செக்கோஸ்லோவாக்கியக் கட்சித் தலைவராக இருந்து சீர்திருத்தம் செய்துகொண்டிருந்த டூப்செக், ஹங்கேரியின் பிரதமர் இம்ரே நாஜ் மாதிரி, சோவியத் தலைமையிலான ராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்தத்திலிருந்து விலகுகிறேன் என்று சொன்னவர் இல்லை. நாஜ் 1956 நவம்பர் 1இல் விலகலை அறிவித்தார், மூன்றாம் நாள் டாங்குகள் வந்தன. அந்தப் பாடம் டூப்செக்குக்கு நன்றாகத் தெரியும். ஒப்பந்தத்தில் இருக்கிறோம், நட்பில் இருக்கிறோம் என்று அவர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

என் பதில்: செப்டம்பர் 9. அன்றுதான் செக்கோஸ்லோவாக்கியக் கட்சியின் பதினான்காவது மாநாடு கூடவிருந்தது. அதற்கு முன்பே, ஆகஸ்ட் 26இல், ஸ்லோவாக்கியக் கட்சியின் மாநாடு. இவை நடந்துவிட்டால் மாஸ்கோவுக்கு வேண்டியவர்கள் எல்லோரும் மத்தியக் குழுவிலிருந்து வாக்குப் பெட்டி வழியாகவே வெளியேறியிருப்பார்கள். ஜூனில் தணிக்கையும் சட்டப்படி ஒழிந்துவிட்டது. பத்திரிகைகளில் பழைய பொய் வழக்குகளைப் பற்றி, தூக்கிலிடப்பட்டவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். மாநாடு முடிந்தபின் “உதவி” கேட்க கட்சிக்குள் ஆளே இருந்திருக்காது. எனவே அழைப்புக் கடிதத்துக்கு ஒரு காலாவதித் தேதி இருந்தது.

நூலகத்து மேசை:

நான் அரசியல் அறிவியல் மாணவி, இந்தக் காலம் பற்றி அதிகம் தெரியாது. இரண்டு சந்தேகங்கள்.

ஒன்று: வார்சா ஒப்பந்தத்திலேயே இப்படித் தலையிட இடம் இருந்ததா? இரண்டு: அந்த அழைப்புக் கடிதம் உண்மையில் இருந்ததா, இல்லை வெறும் கதையா?

வைகைக்கரை:

முதல் கேள்விக்கு: இல்லை. 1955 மே 14இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின் நான்காவது விதி, ஐரோப்பாவில் உறுப்பு நாடு ஒன்றின் மீது வெளியிலிருந்து ஆயுதத் தாக்குதல் நடந்தால் மற்றவர்கள் உதவ வேண்டும் என்கிறது. எட்டாவது விதி, ஒருவர் இறையாண்மையை ஒருவர் மதிக்க வேண்டும், உள்விவகாரங்களில் தலையிடக் கூடாது என்கிறது. அந்த ஒப்பந்தத்தின் படைகள் முழு அளவில் நடத்திய ஒரே பெரிய கூட்டு நடவடிக்கை சொந்த உறுப்பினர் மீதுதான்.

இரண்டாவது கேள்விக்கு: கடிதம் இருந்தது. ஐந்து பேர் கையெழுத்திட்டது: இந்த்ரா, கோல்டர், காபெக், ஷ்வெஸ்த்கா, பிலாக். ரஷ்ய மொழியிலேயே எழுதியிருந்தார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் பிராட்டிஸ்லாவாவில் ஆறு கட்சிகள் கூடி ஒற்றுமைப் பிரகடனம் வெளியிட்டன அல்லவா, அந்தச் சந்திப்பின்போதுதான் கடிதம் கைமாறியது. வாங்கியவர் உக்ரைன் கட்சித் தலைவர் ஷெலஸ்ட். கழிப்பறை ஒன்றில் வைத்து கைமாற்றப்பட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மண்டபத்தில் ஆறு நாட்டுத் தலைவர்கள் சகோதரத்துவம் பேசிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் இது நடந்திருக்கிறது. இதை முதன்முதலாகப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை.

கடிதம் மாஸ்கோவில் உறையிட்டு மூடப்பட்டு ஆவணக் காப்பகத்துக்குள் போய்விட்டது. சோவியத் ஒன்றியம் கலைந்தபின், 1992இல், ரஷ்ய அதிபர் யெல்ட்சின் அதை செக்கோஸ்லோவாக்கியக் குடியரசுத் தலைவர் ஹாவெலிடம் ஒப்படைத்தார். கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு, “தலைவர்கள் அழைத்தார்கள்” என்று சொன்ன அரசு அந்தத் தலைவர்களின் பெயரைச் சொல்லவே இல்லை.

மலைக்கோட்டை:

என் வயதுக்காரர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கு ‘சோவியத் நாடு’ தமிழ் இதழ் வரும். வழவழப்பான தாளில் கோதுமை வயல்களும் சிரித்த முகங்களும். பள்ளிப் புத்தகங்களுக்கு அந்தத் தாளில்தான் அட்டை போடுவோம். 68இல் அப்பா வானொலிச் செய்தி கேட்டுவிட்டு அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. அவர் கட்சிக்காரர். “தோழன் வீட்டுக்குள்ள தோழன் டாங்கோட போவானா” என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

இந்தியா என்ன செய்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அப்போது ஐ.நா. பாதுகாப்பு அவையில் நாம் உறுப்பினர். படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானம் ஆகஸ்ட் 23இல் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 10, எதிர்ப்பு 2 (சோவியத் ஒன்றியமும் ஹங்கேரியும்). இந்தியா, பாகிஸ்தான், அல்ஜீரியா மூன்றும் வாக்களிக்கவில்லை. சோவியத் வீட்டோவால் தீர்மானம் விழுந்தது. “கண்டிக்கிறது” என்ற சொல்தான் இந்தியாவுக்கு இடறியது. அங்கே நம் பிரதிநிதியாக இருந்தவர் ஜி. பார்த்தசாரதி, பிற்பாடு 1983க்குப் பின் இலங்கைப் பிரச்சினையில் தூதராகப் போனாரே, அவரேதான். இந்திரா காந்தியின் அமைச்சரவையிலிருந்த அசோக் மேத்தா இந்த நிலைப்பாட்டை ஏற்க முடியாமல் பதவி விலகினார். தன் நாட்டோடு சம்பந்தமில்லாத ஒரு நாட்டுக்காக மந்திரி பதவியை விட்டார் ஒருவர். அவர் பெயரை இன்றைக்கு யாரும் சொல்வதில்லை.

செங்கதிர்:

மலைக்கோட்டை ஐயா, உங்கள் அப்பா சொன்னது நெஞ்சைத் தொட்டது.

கம்யூனிஸ்ட்கள் எல்லோரும் ஒரே குரலில் கைதட்டினார்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு விஷயம் சேர்க்கிறேன். இத்தாலி, பிரெஞ்சுக் கட்சிகள் எதிர்த்தன. வார்சா ஒப்பந்த உறுப்பினரான ருமேனியா படை அனுப்பவில்லை. ஆகஸ்ட் 21 அன்றே புகாரெஸ்ட் சதுக்கத்தில் பெருங்கூட்டத்தின் முன் அதன் தலைவர் சௌசெஸ்கு இதைப் பெரிய தவறு என்று பேசினார். (அவர் பிறகு என்ன ஆனார் என்பது தனிக் கதை.) அல்பேனியா செப்டம்பரில் ஒப்பந்தத்திலிருந்தே விலகியது. சீனப் பிரதமர் சோ என்லாய், ருமேனியத் தூதரக விருந்திலேயே இதை ‘சமூக ஏகாதிபத்தியம்’ (சொல்லில் சோசலிசம், செயலில் ஏகாதிபத்தியம்) என்ற பொருளில் தாக்கினார். நம் ஊர்ச் சுவர்களில் எழுபதுகளில் பார்த்த அந்தச் சொல்லுக்கு உலகளவில் சூடு பிடித்தது இங்கேதான்.

சீனாவின் கோபத்துக்குப் பின்னால் பயமும் இருந்தது. சோசலிச நாடு ஒன்று தடம் மாறினால் உள்ளே போகலாம் என்றால், அந்த அளவுகோல் நாளை பெய்ஜிங்குக்கும் பொருந்துமே? 1969 மார்ச்சில் உசூரி எல்லை ஆற்றுத் தீவில் சீன, சோவியத் படைகள் சுட்டுக்கொண்டன. யூகோஸ்லாவியா அதே வருடம், ஊருக்கு ஊர் மக்களே ஆயுதமேந்தும் பாதுகாப்பு முறையைச் சட்டமாக்கியது. நேட்டோவைப் பார்த்து மட்டும் அல்ல, கிழக்கையும் பார்த்துத்தான்.

வல்டாவா ஓரம்:

வேலை காரணமாக ஏழு வருடமாக பிராகில் இருக்கிறேன். இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன், இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது.

வென்ஸஸ்லாஸ் சதுக்கத்தின் மேல்முனையில் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. 68 ஆகஸ்டில் சோவியத் வீரர்கள் அதன் முகப்பைச் சல்லடையாகச் சுட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன் கட்டடத்தைப் புதுப்பித்தபோது அந்தக் குண்டுத் தடங்களை முழுக்கப் பூசி மறைக்காமல் தெரியும்படி விட்டிருக்கிறார்கள். தினமும் டிராமுக்குப் போகும் வழியில் பார்க்கிறேன்.

இங்கே மூத்தவர்களோடு பேசும்போது தெரிவது, இந்த மக்கள் ரஷ்யர்களை வெறுத்தவர்கள் இல்லை. 1938இல் மியூனிக்கில் இவர்களை ஹிட்லரிடம் விட்டுக்கொடுத்தவை பிரிட்டனும் பிரான்ஸும். 1945இல் விடுவிக்க வந்தது பெரும்பாலும் செஞ்சேனை. 46 தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி வாங்கியது சுமார் 38 சதவீதம், தேர்தலில் வாங்கியது, யாரும் துப்பாக்கி காட்டி இல்லை. பள்ளியில் எல்லோரும் ரஷ்யன் படித்தவர்கள். அதனால்தான் அந்த ஆகஸ்டில் டாங்கின் மேல் ஏறி நின்று வீரர்களோடு அவர்கள் மொழியிலேயே வாதாட முடிந்தது. “எதற்கு வந்தாய்? யார் கூப்பிட்டது?” பல வீரர்களுக்கு எந்த நாட்டில் நிற்கிறோம் என்பதே சரியாகத் தெரியவில்லை என்று சொல்கிறார்கள்.

மக்கள் இரவோடு இரவாகத் தெருப் பெயர்ப் பலகைகளையும் வீட்டு எண்களையும் கழற்றினார்கள். வழிகாட்டிப் பலகைகளில் “மாஸ்கோ” என்று எழுதி அம்புக்குறி போட்டார்கள். வினோராட்ஸ்கா தெருவில் வானொலி நிலையத்தின் முன் பேருந்துகளை நிறுத்தித் தடுப்பு போட்டார்கள். நிறையப் பேர் செத்தது அங்கேதான். அந்த வருடம் முடிவதற்குள் படையெடுப்பால் இறந்தவர்கள் 137 என்று வரலாற்றாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். செக்கோஸ்லோவாக்கிய ராணுவம் சுடக் கூடாது என்று உத்தரவு. அந்த உத்தரவு சரியா தவறா என்று இன்றும் இங்கே குடும்பங்களுக்குள் சண்டை நடக்கிறது.

நூலகத்து மேசை:

அந்த ஐந்து பேர் அழைத்தார்கள் என்றால், படை வந்ததும் அவர்கள் ஆட்சியை எடுத்திருக்க வேண்டுமே? ஏன் டூப்செக்கே திரும்ப வந்து 1969 ஏப்ரல் வரை இருந்தார்?

வைகைக்கரை:

இதுதான் முக்கியமான இடம். திட்டம் நீங்கள் சொன்னதுதான், ஆனால் அது அந்த ஓர் இரவிலேயே உடைந்தது.

ஆகஸ்ட் 20 இரவு கட்சித் தலைமைக்குழு கூடியிருந்தது. மாஸ்கோ ஆட்கள் அந்தக் கூட்டத்தில் பெரும்பான்மையைத் திரட்டி, டூப்செக்கை ஓரம்கட்டி, அழைப்பை அதிகாரபூர்வமாக்க வேண்டும். கிட்டத்தட்ட நள்ளிரவில் படை நுழைந்த செய்தி வருகிறது. வாக்கெடுப்பு: படையெடுப்பைக் கண்டிக்க 7, எதிராக 4. கண்டன அறிக்கையை வானொலியில் வாசித்தார்கள். குடியரசுத் தலைவர் ஸ்வோபோதா, சோவியத் ஒன்றியத்தின் வீரர் பட்டம் வாங்கிய பழைய தளபதி, மாஸ்கோ ஆட்கள் கேட்ட “தொழிலாளர் விவசாயிகள் அரசு” ஒன்றை நியமிக்க மறுத்துவிட்டார். ஆகஸ்ட் 22இல் வைசோச்சானி ஆலைக்குள் தொழிலாளர்களின் பாதுகாப்பில் கட்சி மாநாட்டையே ரகசியமாக நடத்தி முடித்தார்கள். வெளியுறவு அமைச்சர் ஹாயெக் விடுமுறையில் யூகோஸ்லாவியாவில் இருந்தார், அங்கிருந்து நேராக ஐ.நா.வுக்குப் போய், எங்கள் அரசு யாரையும் அழைக்கவில்லை என்று சொன்னார்.

அழைத்தவர் யார் என்று காட்ட முடியாமல் போனது. எந்தத் தலைவர்களை வீழ்த்தப் படை அனுப்பினார்களோ அவர்களையே, கைது செய்து கொண்டுபோனவர்களையே, மாஸ்கோவில் உட்காரவைத்துப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டிவந்தது. செப்டம்பர் 26 கட்டுரை பிறந்த இடம் இதுதான் என்பது என் கருத்து. அழைப்பு பொய்த்துவிட்டதால், அழைப்பே தேவைப்படாத ஒரு வாதம் வேண்டியிருந்தது. ஒவ்வொரு கட்சியும் தன் மக்களுக்கு மட்டுமல்ல, எல்லா சோசலிச நாடுகளுக்கும் பொறுப்பு என்று எழுதிவிட்டால் யாரும் கூப்பிட வேண்டியதில்லை. மேற்கில் அதற்கு ‘பிரெஷ்னேவ் கோட்பாடு’ என்று பெயர் வைத்தார்கள். பிரெஷ்னேவ் இருந்தவரை மாஸ்கோ அப்படி ஒரு கோட்பாடு இருப்பதாகவே ஒப்புக்கொள்ளவில்லை.

காக்கிப்பை:

ஆப்கானிஸ்தான் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். அழைப்பு என்ற கோணத்தில் அது இன்னும் கொடுமை.

அங்கே அழைப்பு நிஜமாகவே இருந்தது. 1979 மார்ச்சில் ஹெராத் நகரக் கலகத்தின்போது ஆப்கன் தலைவர் தராக்கி, சோவியத் பிரதமர் கோசிகினுக்குத் தொலைபேசியில் கெஞ்சினார்: தஜிக், உஸ்பெக் வீரர்களை ஆப்கன் உடை போட்டு அனுப்புங்கள், யாருக்கும் தெரியாது என்று. கோசிகின் மறுத்தார். தராக்கியைக் கொன்றுவிட்டு ஆட்சிக்கு வந்த அமீனும் திரும்பத் திரும்பப் படை கேட்டார். கடைசியில் படை வந்தது. டிசம்பர் 27 அன்று தாஜ்பெக் மாளிகையில் அதே படை அமீனைச் சுட்டுக் கொன்றது. அன்று மதியம் உணவில் விஷம் வைக்கப்பட்டு, விஷயம் தெரியாத சோவியத் மருத்துவர்களே அவரைப் பிழைக்கவைத்திருந்தார்கள். அழைத்தவரைக் கொன்ற பிறகு, புதிய தலைவர் கார்மலின் குரலை சோவியத் மண்ணிலிருந்து ஒலிபரப்பி, அவர் அழைத்ததாகச் சொன்னார்கள். கார்மல் அதற்கு முன் தூதராக இருந்தது எங்கே தெரியுமா? பிராகில்.

டிசம்பர் 12 பொலிட்பீரோ (சோவியத் கட்சியின் உச்சத் தலைமைக்குழு) முடிவு, அதன் உறுப்பினர் செர்னென்கோ கைப்பட எழுதிய ஒரே ஒரு தாள். தலைப்பு: “‘ஏ’யின் நிலைமை குறித்து”. நாட்டின் பெயரும் இல்லை, படை என்ற சொல்லும் இல்லை. அந்தத் தாளுக்காக அடுத்த ஒன்பது வருடத்தில் செத்த சோவியத் வீரர்கள் மட்டும் ஏறக்குறைய 15,000. ஆப்கானியர் சாவு லட்சங்களில்.

செங்கதிர்:

காக்கிப்பை, ஆப்கானிஸ்தான் வார்சா ஒப்பந்தத்தில் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1978 டிசம்பரில் போட்ட நட்பு ஒப்பந்தம் மட்டும்தான். 68இன் தர்க்கம் ஐரோப்பாவைத் தாண்டிப் போனது அங்கேதான்.

ஆனால் கோட்பாடு செத்தது எப்போது என்று பார்த்தால், எல்லோரும் 1989ஐச் சொல்கிறார்கள். அக்டோபரில் சோவியத் வெளியுறவுத் துறைச் செய்தித் தொடர்பாளர் கெரசிமோவ் தொலைக்காட்சியில் சினாத்ராவின் பாட்டைக் காட்டி, இனி அவரவர் வழி அவரவருக்கு என்ற நாள். நான் 1981 டிசம்பர் 10 என்பேன். போலந்தில் சாலிடாரிட்டி என்ற சுயேச்சைத் தொழிற்சங்கம் நாட்டையே பிடித்திருந்தது. அன்றைய பொலிட்பீரோ கூட்டக் குறிப்புகள் இப்போது வெளிவந்திருக்கின்றன. அப்போதைய கேஜிபி உளவுத்துறைத் தலைவர் ஆந்திரபோவ், 1956இல் புடாபெஸ்டில் தூதராக இருந்து ஹங்கேரியைப் பார்த்த அதே மனிதர், போலந்து சாலிடாரிட்டியின் கையில் போனாலும் போகட்டும், நாம் படை அனுப்பப் போவதில்லை என்கிறார். கட்சியின் கொள்கைத் தலைவர் சுஸ்லோவும் அதையே சொல்கிறார். மூன்று நாள் கழித்து போலந்துத் தலைவர் யாருசெல்ஸ்கி சொந்த ராணுவத்தை வைத்தே அவசரநிலை கொண்டுவந்தார். வெளியே யாருக்கும் தெரியாமல், பயம் மட்டும் இன்னும் எட்டு வருடம் ஓடியது.

வைகைக்கரை:

இதை நான் யோசித்ததே இல்லை, செங்கதிர். 1981 என்பதை ஏற்கிறேன். ஆனால் ஹங்கேரியர்களுக்கும் கிழக்கு ஜெர்மானியர்களுக்கும் அது தெரியாதே. தெரிய வைத்தது கோர்பசேவ் 88 டிசம்பரில் ஐ.நா.வில் பேசியதுதான். அப்புறம் 1989 டிசம்பர் 4, படையெடுப்பில் சேர்ந்த ஐந்து நாடுகளும் மாஸ்கோவில் கூடி, 68இல் நாங்கள் செய்தது தலையீடு, தவறு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டன.

நூலகத்து மேசை:

கடிதத்தில் கையெழுத்திட்டவர்களுக்குத் தண்டனை கிடைத்ததா?

வல்டாவா ஓரம்:

கடிதத்துக்காக யாரும் சிறை போகவில்லை. பிலாக் மீது வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, ஆதாரம் போதாது என்று கைவிடப்பட்டது. அவர் கடைசிவரை மறுத்தார். சிறைக்குப் போனவர் கரெல் ஹோஃப்மன், அந்த இரவில் கண்டன அறிக்கை வானொலியில் போகாமல் தடுக்க ஒலிபரப்பை நிறுத்தச் சொன்னவர். 2004இல் உள்ளே போய், உடல்நிலை காரணமாகச் சில வாரத்தில் வெளியே வந்துவிட்டார்.

செங்கதிர்:

தங்கச்சி, தண்டனை பெற்றவர்களைக் கேட்டாய். கையெழுத்துப் போடாத ஒருவரைச் சொல்கிறேன், என் மேசைமேல் அவர் படம் இருக்கிறது.

ஃப்ரான்டிஷெக் க்ரீகல். மருத்துவர், கம்யூனிஸ்ட். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர், அங்கிருந்து சீனாவுக்குப் போய் ஜப்பானுக்கு எதிரான போரில் பார்த்தவர். 68 ஆகஸ்டில் டூப்செக்கோடு அவரையும் கைது செய்து கொண்டுபோனார்கள். மாஸ்கோவில் சரணாகதி உடன்படிக்கையை நீட்டினார்கள். எல்லோரும் கையெழுத்திட்டார்கள். டூப்செக் மயங்கி விழும் நிலையில் இருந்தார், அவரை நான் குறை சொல்லவில்லை. க்ரீகல் மட்டும் மறுத்தார். அவரை விட்டுவிட்டு மற்றவர்களை அனுப்பிவைக்க மாஸ்கோ பார்த்தது, அவர் இல்லாமல் போக மாட்டோம் என்று சகாக்கள் நின்றதால் கூட்டி வந்தார்கள்.

படை தங்குவதற்கான அந்த அக்டோபர் ஒப்பந்தம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவு 228, எதிர்ப்பு 4. அந்த நால்வரில் க்ரீகல் ஒருவர். 69இல் கட்சியிலிருந்து நீக்கினார்கள். 1977இல் ‘சாசனம் 77’ என்ற செக்கோஸ்லோவாக்கிய மனித உரிமைச் சாசனத்தில் முதல் ஆட்களோடு கையெழுத்திட்டார். 1979இல் இறந்தார். போலீஸ் பொது இறுதிச் சடங்குக்கு விடவில்லை.

மலைக்கோட்டை:

செங்கதிர் தம்பி, அப்பா இருந்திருந்தால் இந்தப் பெயரை எழுதி வைத்திருப்பார். நான் எழுதி வைத்துக்கொண்டேன்.